இடிமழையை ரேடாரில் பார்க்கப் பழகுவது எப்படி

ரேடார் படத்தைத் திறந்தவுடன் எல்லோருடைய கண்ணும் சிவப்பைத்தான் தேடும். தலைக்கு மேல் சிவப்பு இருந்தால் பதற்றம், இல்லாவிட்டால் நிம்மதி. நானும் பல வருடம் அப்படித்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு நாள் சாயங்காலம், சிவப்பு இன்னும் 30 கிலோமீட்டர் தள்ளித்தானே இருக்கிறது என்று நாங்கள் மொட்டைமாடியில் நின்று தூரத்து மின்னலைப் பார்த்துக்கொண்டிருந்தோம். ஒரு சொட்டு மழை இல்லை. திடீரென்று அடித்த காற்றில் பக்கத்துக் கூரையின் தகரம் பிய்ந்து பறந்து, என் அக்கா மகன் நின்ற இடத்திலிருந்து ஒரு கை தூரத்தில் வந்து விழுந்தது. அன்று இரவே அந்தப் படங்களை ஒவ்வொன்றாகத் திரும்ப ஓட்டிப் பார்த்தேன். காற்று வருவது அரை மணி நேரத்துக்கு முன்பிருந்தே படத்தில் இருந்திருக்கிறது, நூல் போட்ட மாதிரி ஒரு மெல்லிய வெளிர்நீலக் கோடாக. எனக்குத்தான் அதைப் பார்க்கத் தெரியவில்லை.

அந்தக் கோட்டுக்குப் பிறகு வருகிறேன். முதலில், படத்தில் தெரியும் நிறம் எதைச் சொல்கிறது, எதைச் சொல்லவில்லை என்று பார்த்துவிடலாம்.

நிறமும் உயரமும்

ரேடார் ஒரு நுண்ணலைத் துடிப்பை அனுப்பிவிட்டு, அது எதிலாவது பட்டுத் திரும்பி வருகிறதா என்று காத்திருக்கிறது. திரும்பி வருவது எவ்வளவு பலமாக இருக்கிறது என்பதை டிபிஇசட் என்ற அளவில் கணக்கிட்டு அதற்கு ஒரு நிறம் கொடுக்கிறார்கள். ஆக நிறம் மழையின் அளவு இல்லை, திரும்பி வந்த அலையின் பலம். இரண்டும் ஒன்றல்ல, ஏனென்றால் துளியின் விட்டம் இரண்டு மடங்கானால் அது திருப்பி அனுப்புவது 64 மடங்காகிவிடும். கொஞ்சம் பெரிய துளிகள் ஏகப்பட்ட சின்னத் துளிகளை விடப் பலமாகத் தெரியும், ஈரமான ஆலங்கட்டியோ படத்தையே எரிய வைத்துவிடும். உத்தேசமாகச் சொன்னால் 20 என்பது லேசான மழை, 30 முதல் 40 வரை நனைய வைக்கும் மழை, 45-க்கு மேல் கொட்டுகிறது, 55-ஐத் தாண்டினால் ஆலங்கட்டி இருக்குமோ என்று சந்தேகப்பட வேண்டும், 60-க்கு மேல் போனால் நான் ஆலங்கட்டி இருப்பதாகவே வைத்துக்கொள்வேன். 10 கூடினால் பலம் 10 மடங்கு கூடியது என்று அர்த்தம், அதனால் 50-க்கும் 60-க்கும் உள்ள வித்தியாசம் சின்னதல்ல. ஒவ்வொரு தளமும் தனக்கென்று ஒரு நிறப் பட்டை வைத்திருக்கும், ஓரத்தில் உள்ள அந்தப் பட்டையைப் பார்க்காமல் 'சிவப்பு வந்துவிட்டது' என்று சொல்வதில் பொருளே இல்லை.

அடுத்தது உயரம். புதிதாகப் பார்ப்பவர்கள் அதிகம் ஏமாறுவது இங்கேதான். ரேடாரின் கதிர் ஏறத்தாழ நேராகப் போகிறது, பூமி வளைந்து கீழே இறங்குகிறது, அதோடு கதிரே அரை டிகிரி சாய்வில் மேல்நோக்கித்தான் புறப்படுகிறது. இந்த அரை டிகிரியில் 100 கிலோமீட்டர் தாண்டும்போது கதிரின் நடுப்பகுதி தரையிலிருந்து சுமார் ஒன்றரை கிலோமீட்டர் மேலே இருக்கும். 200 கிலோமீட்டரில் 4 கிலோமீட்டருக்கும் மேலே. போகப் போகக் கதிர் அகலமாகவும் ஆகும், ஒரு டிகிரி அகலக் கதிர் 200 கிலோமீட்டரில் மூன்றரை கிலோமீட்டர் அகலத்துக்கு விரிந்துவிடும். அவ்வளவு தூரத்தில் ஒரு இடிமேகத்தின் அடிப்பாகம் கதிருக்குக் கீழேயே நடந்து முடிந்துவிடும், நாம் பார்ப்பது அதன் வயிற்றுக்கு மேலே உள்ள ஒரு அகலமான கலங்கல் படம். எதிர்ப்பக்கச் சிக்கலும் உண்டு. ரேடாருக்கு நேர் மேலே இருப்பதை அதனால் பார்க்க முடியாது, அந்தக் கூம்பு வடிவப் பகுதி காலியாகவே இருக்கும். ஆகவே பக்கத்தில் இரண்டு ரேடார் இருந்தால், மேகத்திலிருந்து சுமார் 30 முதல் 100 கிலோமீட்டர் தூரத்தில் இருப்பதைத் தேர்ந்தெடுங்கள்.

கதிரின் சாய்வைப் படிப்படியாக உயர்த்தி ரேடார் பல முறை சுற்றுவதால், ஒரே ரேடாரிலிருந்து பல வகைப் படங்கள் வரும். மிகக் கீழ்ச் சாய்வில் எடுத்த படம் ஒன்று, எல்லாச் சாய்வுகளிலும் கிடைத்த அதிகபட்சத்தை ஒரே படத்தில் அடுக்கிக் காட்டும் கூட்டுப்படம் ஒன்று. பொதுவாகப் பலரும் பகிர்வது இந்தக் கூட்டுப்படத்தைத்தான், பார்க்கப் பெரிதாக, பயமாக இருக்கும். ஆனால் மேகத்தின் தலைப்பகுதி காற்றோடு விரிந்து ஐம்பது, அறுபது கிலோமீட்டர் முன்னால் நீண்டிருந்தால் அதையும் சேர்த்துக் காட்டிவிடும், கீழே நிற்பவருக்கு வெயில் மட்டும் மங்கியிருக்கும். தரையில் என்ன விழுகிறது என்று தெரிய வேண்டுமானால் கீழ்ச் சாய்வு. மேலே ஏதாவது உருவாகிறதா என்று தெரிய வேண்டுமானால் கூட்டுப்படம். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதுதான் நல்ல பழக்கம், வித்தியாசம் எங்கே இருக்கிறதோ அங்கேதான் கதை இருக்கிறது.

ஒரு படம் போதாது

படத்தின் மூலையில் உள்ள நேரத்தைப் பாருங்கள். பல தளங்களில் அது யூடிசி என்ற உலகப் பொது நேரமாக இருக்கும், உங்கள் நேரத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள். ரேடார் எல்லாச் சாய்வுகளையும் சுற்றி முடிக்கவே 5 முதல் 10 நிமிடம் எடுத்துக்கொள்ளும், அப்புறம் படம் தயாராகித் தளத்துக்கு வர இன்னும் சில நிமிடம். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் வரும் மேகம் பத்து நிமிடத்தில் 10 கிலோமீட்டர் நகர்ந்திருக்கும். நீங்கள் பார்ப்பது எப்போதும் கொஞ்சம் பழைய செய்தி. சில செயலிகள் ரேடார் என்ற பெயரில் கடைசியில் முன்கணிப்புப் படங்களையும் சேர்த்து ஓட்டும், அது கணினி போட்ட கணக்கு, கண்ணால் கண்டது இல்லை. எங்கே உண்மைப் படம் முடிந்து கணிப்பு தொடங்குகிறது என்று முதலில் கண்டுபிடியுங்கள். நிறங்களைக் குழைத்து மழுங்கக் காட்டும் வசதி இருந்தால் அதையும் அணைத்துவிடுங்கள். கட்டம் கட்டமாகத் தெரிவது அழகாக இருக்காது, ஆனால் கூர்மையான விளிம்பு அதில்தான் பிழைத்திருக்கும்.

இப்போது கடைசி ஒரு மணி நேரப் படங்களை ஓட விடுங்கள். எந்தத் திசையில் போகிறது என்பதை எல்லோரும் கவனிப்பார்கள். அதோடு வளர்கிறதா, தேய்கிறதா, புதுச் செல் (கூட்டத்துக்குள் தனித்தனியாக எழும் இடிமேகம்) எந்தப் பக்கம் பிறக்கிறது என்பதையும் கவனியுங்கள். ஒவ்வொரு செல்லும் கிழக்கே போய்க்கொண்டிருக்கும், ஆனால் தெற்கு ஓரத்தில் ஒன்றன்பின் ஒன்றாகப் புதியவை முளைத்துக்கொண்டே இருந்தால் மொத்தக் கூட்டமும் தென்கிழக்கே வரும். கிழக்கே கோடு போட்டுவிட்டு 'நமக்கு வராது' என்று இருந்தவர்கள் நனைவது இதனால்தான்.

ஒரு செல் பிறந்து இறங்கியதை நான் படம் படமாகப் பார்த்தது இன்னும் நினைவில் இருக்கிறது. ரேடாரிலிருந்து 60 கிலோமீட்டர், மதியம் தாண்டி 4:10 மணி, எங்கும் ஒன்றுமில்லை. 4:20-க்குக் கீழ்ச் சாய்வில் இன்னமும் வெறுமை, ஆனால் 6 டிகிரிச் சாய்வில், அதாவது ஏறத்தாழ ஆறரை கிலோமீட்டர் உயரத்தில், கைநகம் அளவுக்கு ஒரு பச்சைத் திட்டு. மேலேறும் காற்று துளிகளைத் தாங்கிப் பிடித்திருக்கிறது, இன்னும் எதுவும் விழ ஆரம்பிக்கவில்லை. 4:30-க்கு அதே உயரத்தில் 50. 4:40-க்கு உச்சி 14 கிலோமீட்டரைத் தொட்டுவிட்டது, நடுவில் 60, தரைப்பக்கம் ஓரமாக மட்டும் லேசான மழை. இந்தக் கட்டத்தில் கூட்டுப்படம் மட்டும் பார்த்தவர் மேகம் உச்சத்தில் இருப்பதாக நினைப்பார். 4:50 படத்தில் மேல் சாய்வுகளில் நிறம் வடிந்துவிட்டது, கீழ்ச் சாய்வில் ஒரேயடியாக 58. அதுவரை தாங்கி நின்ற அத்தனையும் பொத்தென்று இறங்கிவிட்டது. அதோடு குளிர்ந்த காற்றும் இறங்கித் தரையில் மோதி நாலா பக்கமும் சிதறும். பத்தே நிமிட இடைவெளியில் நடந்த விஷயம் இது. உயரத்தில் தேங்கிய பலமான நிறம் கீழே வரத் தொடங்கினால், அடுத்த படத்துக்காகக் காத்திருக்காமல் உள்ளே போய்விடுங்கள்.

வடிவங்கள்

பலமான செல்லுக்கு விளிம்பு கூர்மையாக இருக்கும். ஒரு பக்கம் வெறுமை, ஐந்தே கிலோமீட்டரில் 55 என்று சட்டென்று ஏறினால் அந்தப் பக்கம்தான் சூடான காற்று உள்ளே இழுக்கப்படுகிறது. அங்கே கீழ்ச் சாய்வில் காலியாகவும், அதற்கு நேர் மேலே உள்ள சாய்வில் பலமாகவும் இருந்தால் மேலேறும் காற்று அவ்வளவு வேகமாக இருக்கிறது என்று பொருள். அதனுள்ளே துளி பெரிதாவதற்குக்கூட நேரம் கிடைக்காமல் மேலே தூக்கிச் செல்லப்படுகிறது.

கொக்கி வடிவம் கேள்விப்பட்டிருப்பீர்கள். 1953 ஏப்ரல் 9 அன்று அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் ஷாம்பெய்ன் அருகே, மழை அளக்க வைத்திருந்த ரேடாரில் டொனால்டு ஸ்டாக்ஸ் என்ற பொறியாளர் கவனித்துப் பதிவுசெய்ததுதான் கொக்கியோடு டொர்னேடோவை, அதாவது மேகத்திலிருந்து தரை வரை இறங்கும் சுழல்காற்றை, சேர்த்துப் பார்க்க வைத்த முதல் படம். சுழலும் மேகம் மழையைத் தன்னைச் சுற்றி இழுத்துக்கொள்வதால் அந்த வால் வருகிறது. வட கோளத்தில் பெரும்பாலும் மேகம் நகரும் திசைக்குப் பின்னால், வலது ஓரத்தில் இருக்கும், தென் கோளத்தில் இடது ஓரத்தில். ஆனால் கொக்கி தெரிந்தாலே டொர்னேடோ என்று இல்லை, தெரியாவிட்டால் இல்லை என்றும் இல்லை. 150 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் மேகத்தில் கொக்கி தேடுவது வீண் வேலை.

அதிகம் பேசப்படாத, ஆனால் அடிக்கடி வரும் ஆபத்து வில் வடிவம். வரிசையாக வரும் இடிமேகங்கள் நடுவில் முன்னோக்கி வளைந்தால், பின்னாலிருந்து காற்று அதைத் தள்ளுகிறது. 1978-ல் டெட் புஜிடா என்ற வானிலை ஆய்வாளர் இதை வில் எதிரொலி என்ற கருத்தாக முன்வைத்தார். வளைவின் மூக்கு எந்த ஊரை நோக்கிப் போகிறதோ அங்கேதான் மரம் விழும். வில்லுக்குப் பின்னால் நிறமில்லாத ஒரு ஓடை மாதிரி உள்ளே புகுந்திருந்தால் இன்னும் மோசம், வறண்ட காற்று உள்ளே பாய்கிறது.

ஆலங்கட்டிக்கு ஒரு தனி அடையாளம் உண்டு. மிகப் பலமான மையத்துக்குப் பின்னால், ரேடாரிலிருந்து விலகும் திசையில், முள் மாதிரி ஒரு மெல்லிய நிறம் நீட்டிக்கொண்டிருக்கும். அங்கே மழை எதுவும் கிடையாது. அலை கட்டியில் பட்டுத் தரைக்குப் போய், திரும்பக் கட்டியில் பட்டு ரேடாருக்கு வருகிறது, அந்தச் சுற்றுவழித் தாமதத்தை ரேடார் தூரமாகக் கணக்கிட்டுவிடுகிறது. 10 சென்டிமீட்டர் அலை ரேடாரில் இந்த முள் தெரிந்தால் கட்டிகள் பெரியவை.

காற்றைப் பார்க்க டாப்ளர்

காற்று ரேடாரை நோக்கி வருகிறதா, விலகுகிறதா என்று அளக்கும் டாப்ளர் ரேடாரின் வேகப் படம் இரண்டு நிறக் குழப்பமாகத் தோன்றும், பலர் அதைத் திறந்த வேகத்தில் மூடிவிடுவார்கள். கொஞ்சம் பொறுமையாகப் பழகிக்கொண்டால் நிறப் படத்தை விட இதுதான் அதிகம் சொல்லும். வழக்கமாகப் பச்சை என்றால் ரேடாரை நோக்கி வருகிறது, சிவப்பு என்றால் விலகிப் போகிறது. கதிருக்குக் குறுக்கே போகும் காற்று எவ்வளவு வேகமாக இருந்தாலும் பூச்சியமாகத்தான் தெரியும், எனவே முதலில் ரேடார் எங்கே இருக்கிறது என்று வரைபடத்தில் கண்டுபிடியுங்கள், பிறகு அங்கே நின்று மேகத்தைப் பார்ப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள்.

அப்படி நின்று பார்க்கும்போது ஒரே தூரத்தில் இடப்பக்கம் பச்சையும் வலப்பக்கம் சிவப்பும் ஒட்டிக்கொண்டு இருந்தால் அது சுழற்சி, வட கோளத்துச் சூறாவளிச் சுழற்சியின் திசையில். அதே பச்சையும் சிவப்பும் பக்கவாட்டில் இல்லாமல் ஒரே கதிரில், கிட்டே பச்சை, தூரத்தில் சிவப்பு என்று இருந்தால் அது சுழற்சி இல்லை, இறங்கிய காற்று தரையில் மோதிச் சிதறுகிறது. 1985 ஆகஸ்ட் 2 அன்று டாலஸ் விமான நிலையத்தில் தரையிறங்க வந்த விமானம் இப்படி ஒரு சின்ன இறங்குகாற்றுக்குள் புகுந்து விழுந்தது. அதற்குப் பிறகுதான் அமெரிக்காவின் பெரிய விமான நிலையங்களுக்கென்று தனி டாப்ளர் ரேடார்கள் வந்தன. இந்தச் சின்ன இறங்குகாற்றுகள் 4 கிலோமீட்டருக்கும் குறைவான அகலத்தில் சில நிமிடங்களில் முடிந்துவிடும், பத்து நிமிடத்துக்கு ஒரு படம் தரும் ரேடார் தவறவிடவும் வாய்ப்பு உண்டு.

ஒரு பொறி இருக்கிறது இதில். ரேடார் அளக்கக்கூடிய வேகத்துக்கு ஒரு எல்லை உண்டு. 10 சென்டிமீட்டர் அலை, நொடிக்கு 1000 துடிப்பு என்றால் எல்லை நொடிக்கு 25 மீட்டர், அதாவது மணிக்கு 90 கிலோமீட்டர். அதைத் தாண்டினால் எண் சுற்றிக்கொண்டு எதிர்நிறமாகிவிடும். அடர் சிவப்பின் நடுவே பெரிய பரப்பில் அடர் பச்சை வந்து, இடையில் பூச்சிய நிறமே இல்லை என்றால் இதைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும்.

கிடைமட்டமாகவும் செங்குத்தாகவும் அலை அனுப்பும் இரட்டை ரேடார் உங்களுக்குக் கிடைத்தால், அந்த இரண்டு அலைகளும் திரும்பி வரும்போது எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று காட்டும் ஒத்திசைவுப் படத்தையும் பாருங்கள். சீரான மழையில் அது 0.97-க்கு மேல் இருக்கும். சுழற்சி தெரிந்த அதே இடத்தில், பலமான எதிரொலியும் இருந்து, ஒத்திசைவு 0.8-க்குக் கீழே விழுந்தால் காற்றில் பறப்பது மழை இல்லை, உடைந்த கூரையும் மரமும். அப்போது டொர்னேடோ தரையைத் தொட்டுவிட்டது என்று அர்த்தம்.

இனி ஏமாற்றும் விஷயங்கள், சுருக்கமாக. நகராமல் ஒரே இடத்தில் நிற்கும் திட்டு மலையோ கட்டடமோ காற்றாலையோவாக இருக்கும். சூரியன் உதிக்கும்போதும் மறையும்போதும் அந்தத் திசையில் ஒரு நேர்க்கோடு வரும். 5 சென்டிமீட்டர், 3 சென்டிமீட்டர் அலை ரேடார்களில் பலத்த மழை அலையை விழுங்கிவிடும், முன்னால் ஒரு பெரிய மேகம் நின்றால் அதன் பின்னால் இருப்பது இளைத்துத் தெரியும். ரேடார் மேலேயே கொட்டும்போது மொத்தப் படமும் மங்கும், மழை குறைந்துவிட்டது என்று அப்போது முடிவு செய்யாதீர்கள்.

அந்த மெல்லிய கோடு

மழையோடு இறங்கிய குளிர்ந்த காற்று தரையோடு பரவி முன்னேறும்போது தூசியையும் பூச்சிகளையும் முன்னால் தள்ளிக்கொண்டு போகும். அதுதான் அந்தக் கோடு. பலம் 20-க்கும் கீழேதான், அதனால் 'குப்பை' என்று சில தளங்கள் இந்த அளவுகளை மறைத்துவிடும். குறைந்தபட்ச அளவை மாற்ற முடிந்தால் 5 வரை இறக்கிவையுங்கள், முடியாவிட்டால் வேறு தளம் தேடுங்கள். கோடு சுமார் ஒரு கிலோமீட்டர் உயரத்துக்குத்தான் இருக்கும், எனவே கீழ்ச் சாய்வுப் படத்தில், அதுவும் ரேடாருக்குப் பக்கத்தில் மட்டுமே தெரியும். தெரியவில்லை என்பதால் காற்று இல்லை என்று ஆகாது.

கோடு தெரிந்தால் இரண்டு படங்களில் அது நகர்ந்த தூரத்தை அளங்கள். பத்து நிமிடத்தில் 10 கிலோமீட்டர் என்றால் மணிக்கு 60, உங்களிடம் வர எத்தனை நிமிடம் என்பது சாதாரணக் கணக்குதான். எங்கள் மாடியில் அன்று தகரம் விழுந்த நேரத்தை இந்தக் கணக்கு இரண்டு நிமிடப் பிசகில் சொல்லியிருக்கும். மேகத்துக்கும் கோட்டுக்கும் உள்ள உறவையும் பாருங்கள். கோடு மேகத்தின் காலடியிலேயே ஒட்டிக்கொண்டு வந்தால் மேகத்துக்குச் சூடான காற்று தொடர்ந்து கிடைக்கிறது, நீடிக்கும். கோடு வெகுதூரம் முன்னால் ஓடிவிட்டால் மேகத்தின் ஊட்டம் அறுந்துவிட்டது, பெரும்பாலும் தளர்ந்துவிடும். ஆனால் அந்தக் கோடு இன்னொரு கோட்டோடோ கடற்காற்றின் முனையோடோ மோதும் இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள், அடுத்த அரை மணி நேரத்தில் அங்கே புது மேகம் கிளம்பலாம்.

ரேடாருக்கு மின்னல் தெரியாது என்பதையும் மறக்க வேண்டாம். மழை விளிம்புக்கு வெளியே 10 கிலோமீட்டர் தாண்டியும் மின்னல் விழும். இடி காதில் விழுந்துவிட்டால் படத்தில் என்ன நிறம் இருந்தாலும் உள்ளே போங்கள், கடைசி இடிக்குப் பிறகு 30 நிமிடம் கழித்து வெளியே வாருங்கள். படத்தை உள்ளிருந்தபடியே பார்க்கலாம்.

எல்லாம் அடங்கிய பிறகு படங்களைச் சேமித்துக்கொள்ளுங்கள், பல தளங்கள் சில மணி நேரத்துக்கு மேல் அவற்றை வைத்திருப்பதில்லை. காற்று முதலில் அடித்த நேரம், முதல் சொட்டு விழுந்த நேரம், ஆலங்கட்டி இருந்ததா, எந்தத் திசைக் காற்று என்று நான்கு வரி எழுதி அந்தப் படங்களோடு வையுங்கள். நான் இப்படி வைத்திருக்கும் முதல் கோப்பில் இருப்பவை அந்தத் தகரம் பறந்த சாயங்காலத்துப் படங்கள், வெளிர்நீலக் கோட்டைச் சுற்றி ஒரு வட்டம் போட்டு.